ஆளில்லா அறை ஓவியங்களை எப்படிப் பார்ப்பது?

மழைக்காலம் (வெள்ளவத்தை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓவியத்தை முறையாகப் படித்தவள் அல்ல; கண்காட்சிகளுக்குப் போய்ப் பார்ப்பதில் விருப்பம் உள்ளவள். அண்மையில் கொழும்பு 7இல் நடந்த ஒரு குழுக் கண்காட்சியில் கண்ட ஓர் ஓவியத்தைப் பற்றி, ஓவியம் வரைபவர்களும் அதைக் கற்பிப்பவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். ஓவியர் இளையவர். அவருடைய அனுமதி இல்லாமல் பெயரையோ படத்தையோ இடுவது முறையல்ல என்பதால் சொற்களாலேயே விவரிக்கிறேன்.

ஏறத்தாழ 4 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட கன்வஸில் எண்ணெய் வர்ணத்தால் வரையப்பட்ட படம் அது. ஒரு பழைய வீட்டின் உள்ளறை. சிவப்புச் சீமெந்து நிலம், அரைவாசி திறந்திருக்கும் இரட்டைக் கதவு, கம்பி வைத்த யன்னல், சுவரோரமாக ஓர் அலுமாரி, அதற்குப் பக்கத்தில் பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை. அலுமாரியின் கண்ணாடியில் அறையின் மற்றப் பக்கம் தெரிய வேண்டும். ஓவியரோ அங்கே மங்கலான சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதையும் வைக்கவில்லை. சுவரின் மேற்பகுதி இருண்டிருக்கிறது. நிலத்தையொட்டிய கீழ்ப்பகுதி சற்றுச் சிவந்து வெளிச்சமாக இருக்கிறது. யன்னலின் அடிக்கட்டை வழக்கத்தைவிட உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. நிலம் மட்டும் நன்றாக மினுங்குகிறது. ஆள் எவரும் இல்லை.

நான் அதன் முன் நெடுநேரம் நின்றேன். அது என் வீடு அன்று; நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் தொடர்மாடியில்தான். சிவப்பு நிலம் உள்ள வீட்டில் நான் ஒருபோதும் வாழ்ந்ததில்லை. இருந்தும், அந்த அறையை ஏற்கெனவே அறிந்திருக்கிறேன் என்ற உணர்வும், அதனோடு சேர்ந்து ஓர் ஆறுதலும் எனக்கு உண்டாயின. பிறகு ஒருநாள் அம்மாவையும் அழைத்துச் சென்றேன். அவர் சிறிது நேரம் பார்த்தார். "ஆரோ எழும்பிப் போன வீடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். எனக்கு ஆறுதலைத் தந்த அதே அறை அவரை நிற்கவிடவில்லை.

ஆகவே நான் கேட்க விரும்புவது இது. ஒரு வெற்று அறையை வரைந்தே, அதில் வாழாத ஒருவருக்கும் நினைவு போன்ற ஒன்றை உண்டாக்குவதை ஓவியர் எந்த வழிகளால் செய்கிறார்? அம்மா கண்டதும் நான் கண்டதும் படத்திலேயே இருக்கின்றனவா, அல்லது நாங்கள் இருவரும் எங்களிடம் இருந்ததை அதன்மேல் ஏற்றிப் பார்த்தோமா? இந்த ஓவியத்தை வாங்கும் எண்ணமும் எனக்கு உண்டு. நண்பர் ஒருவர், தொடர்மாடிகளில் வாழ்பவர்களுக்குப் பழைய வீட்டு ஏக்கத்தை விற்பதற்காகவே இத்தகைய படங்கள் வரையப்படுகின்றன என்று சொல்கிறார். அது நியாயமான கருத்தா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தூரிகை (தெஹிவளை) எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் பாடசாலையில் சித்திரம் கற்பிப்பவன். எண்ணெய் வர்ணத்தில் வரைபவனும்கூட. நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட இரண்டு விடயங்கள், அதாவது சுவரின் கீழ்ப்பகுதி சிவந்திருப்பதும் யன்னலின் அடிக்கட்டை உயர்ந்திருப்பதும், உங்கள் முதற் கேள்விக்கான விடையின் பெரும்பகுதியைத் தம்முள் வைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒளி. அமைதியான உள்ளறை என்றதும் இன்று பலரும் நினைப்பது டென்மார்க் ஓவியரான வில்ஹெல்ம் ஹமர்ஷோயை. அவர் 1898 முதல் 1909 வரை கோப்பன்ஹேகனில், ஸ்ட்ராண்ட்கேட 30ஆம் இலக்க வீட்டில் மனைவி ஈடாவுடன் வாழ்ந்து, அந்த வீட்டின் அறைகளையே மீண்டும் மீண்டும் வரைந்தார். 1900இல் வரைந்த ஒரு படத்தில் கதவும் யன்னலும் அதனூடே சரிந்து விழும் வெயிலும் அந்த வெயிலில் மிதக்கும் தூசியும் மாத்திரமே உள்ளன, தளபாடம்கூட இல்லை. அந்தச் சரிவான வெயில் அவருடைய ஊருக்கு உரியது. கோப்பன்ஹேகன் வட அகலக்கோடு ஏறத்தாழ 56 பாகையில் இருப்பதால், டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 11 பாகை அளவுக்கே எழும்புகிறது. வெயில் யன்னலால் நுழைந்து அறையின் எதிர்ச்சுவர் வரைக்கும் போகும்.

கொழும்போ ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. அதே டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கும். எங்கள் வீடுகளில் கூரை தாழ இறங்கி விறாந்தையை மூடியிருப்பதால், காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்கு யன்னல்களால் வருவதைத் தவிர, நேரடி வெயில் உள்ளே வருவது குறைவு. முற்றத்து மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் வானத்து வெளிச்சமும் கதவால் நுழைந்து நிலத்தில் விழுகின்றன. மினுக்கிய சிவப்பு நிலம் அதை மறுபடி தெறிக்கச் செய்து, சுவரின் கீழ்ப்பாதிக்குத் தன் நிறத்தையும் கொடுக்கிறது. ஓட்டுக்கூரையின் உட்புறம் இருண்டே கிடக்கிறது. நீங்கள் கண்டது இதைத்தான். இணையத்தில் ஹமர்ஷோயைக் கண்டு மயங்கிய இளையவர்கள் பலர், டென்மார்க்கின் குளிர்கால வெயிலைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்து அறைக்குள் சரித்துவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் எவருக்கும் எதையும் நினைவூட்டாது. உங்கள் ஓவியர் அந்த வழியில் போகவில்லை என்பதே அவர்மீது எனக்கு மதிப்பை உண்டாக்குகிறது. நீங்கள் அத்தகைய வீட்டில் வாழாவிட்டாலும், உறவினர் வீட்டிலோ கோயில் மடத்திலோ பழைய பாடசாலை மண்டபத்திலோ கீழிருந்து மேலெழும் இந்த வெளிச்சத்தைக் கண்டிருப்பீர்கள். அறையை அறிந்ததுபோன்ற உணர்வு அங்கிருந்து வந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, பார்வை மட்டம். கதவின் மேற்சட்டம், யன்னலின் அடிக்கட்டை, அலுமாரியின் பக்க விளிம்பு ஆகியவற்றில் ஆழத்தை நோக்கிச் செல்லும் கோடுகளை நீட்டிப் பாருங்கள். அவை எந்த உயரத்தில் சந்திக்கின்றனவோ, அந்த உயரத்தில்தான் பார்ப்பவரின் கண் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வளர்ந்த ஒருவரின் கண் ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது மூன்றரை அடி. அடிக்கட்டை உயர்ந்து தெரிகிறது என்றால், ஓவியர் தாம் சிறு வயதில் கண்ட உயரத்திலிருந்து அறையை அமைத்திருக்கிறார் என்று எண்ண இடமுண்டு. பார்ப்பவர் இதைக் கணக்கிடமாட்டார். ஆனால் தமது உடல் சிறுத்துவிட்டதுபோன்ற ஒன்றை உணர்வார்.

மூன்றாவது விளிம்புகள். ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தால் கதிரைக் காலும் கதவுச் சட்டமும் யன்னற் கம்பியும் ஒரே கூர்மையோடு அமைந்துவிடும். இருட்டு முழுக் கறுப்பாகவும் யன்னல் வெறும் வெள்ளையாகவும் போய்விடும். நினைவிலிருந்து வரைபவரிடம் ஒன்றிரண்டு பொருள்கள் மட்டும் தெளிவாக நிற்கும். மற்றவை பக்கத்து நிறத்துக்குள் கரையும். பிரெஞ்சு ஓவியர் பியர் பொன்னார் தமது வீட்டு அறைகளைப் பெரும்பாலும் அப்படித்தான் வரைந்தார். சட்டைப்பைக்குள் அடங்கும் நாட்குறிப்பில் பென்சிலால் சிறு கோட்டுப்படம் போட்டு, அன்றைய வானிலையையும் குறித்துக்கொண்டு, பிறகு கன்வஸின் முன் நினைவிலிருந்தே வேலை செய்வார். 1926இல் லு கன்னே என்ற ஊரில் வாங்கிய வீட்டின் குளியலறையில் மனைவி மார்த்தை வைத்து 1941இல் அவர் தொடங்கிய படம், மார்த் 1942இல் இறந்த பின்னரும் தொடர்ந்து, 1946இலேயே முடிந்தது. எதிரில் ஆளை வைத்து வரைகிற முறையில் பழகியவரால் அப்படித் தொடர்ந்திருக்க முடியாது.

அலுமாரிக் கண்ணாடியில் உள்ள சாம்பல் நிறத்தையும் மறுபடி கவனியுங்கள். குழாயிலிருந்து எடுத்த கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல் உயிரற்றது. அல்ட்ராமரின் நீலத்தையும் சுட்ட அம்பர் என்ற மண்ணிற வர்ணத்தையும் கலந்து உண்டாக்கும் சாம்பலை ஓர் இடத்தில் நீலத்தின் பக்கமும் இன்னோரிடத்தில் மண்ணிறத்தின் பக்கமும் சாய்க்கலாம். அதை உலர்ந்த தூரிகையால் கடும் நிறத்தின் மேல் மெல்லிதாகத் தேய்த்தால், கீழே இருப்பது முழுவதும் மறையாமல் மூச்சு விடும். கண்ணாடிக்குள் முதலில் ஏதாவது வரையப்பட்டுப் பிறகு இப்படி மூடப்பட்டிருக்கலாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பழைய தூரிகைத் தடங்கள் புடைத்துத் தெரியும்.

முற்றம் (பம்பலப்பிட்டி) எழுதியது:

தூரிகை ஐயா எழுதிய ஒளியைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆயினும் சகோதரியின் இரண்டாவது கேள்வி, அவருடைய அம்மாவின் பார்வை, விடையில்லாமல் நின்றுவிட்டது. அதை அவரவர் மனநிலை என்று விட்டுவிட நான் ஒருபோதும் உடன்படமாட்டேன்.

கோப்பன்ஹேகனில் ஒரு வெற்று அறை வெறும் வெற்று அறையாக இருக்கலாம். இங்கே அப்படியல்ல. 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தமது வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவருக்கு, தளபாடங்கள் அப்படியே இருக்க ஆள் மட்டும் இல்லாத அறை என்பது, கதவைப் பூட்டுவதற்கு முன் கடைசியாகத் திரும்பிப் பார்த்த காட்சி. அம்மா எங்கே பிறந்தவர், எந்த வீட்டை விட்டு வந்தவர் என்பதைச் சகோதரி எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவர் கண்டதை, படத்துக்கு வெளியே இருந்து கொண்டுவரப்பட்ட ஒன்றாகக் கருத முடியாது. இந்த நாட்டில் வாழும் ஓர் ஓவியர் ஆளில்லாத அறையை வரையும்போது அந்தப் பார்வையும் வரும் என்பதை அறிந்தேதான் வரைகிறார்.

இதே விடயத்தை வேறு வழியில் செய்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கி 2011இல் நூல் வடிவில் வெளிவந்த அவருடைய படைப்பில், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அதனோடு கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த தரைப்படமும், அந்த நினைவுக்குச் சனாதனன் வரைந்த சித்திரமும் சேர்க்கப்பட்டன. மக்கள் கையால் போட்ட கோடுகளைக் கவனித்தால், கிணறும் மாமரமும் சாமியறையும் தம் உண்மையான அளவைவிடப் பெரிதாக நிற்கும் இடங்களைக் காணலாம். கட்டடக்கலைஞரின் படத்தில் அவை மீண்டும் சரியான அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. நினைவு எதைப் பெரிதாக்குகிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேறொரு வேலையை நான் இலங்கையில் பார்த்ததில்லை. அதில் ஒளியில்லை, சாம்பல் நிறமில்லை, அமைதியும் இல்லை, வீடு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நினைவு என்றால் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது இளையவர்களிடம் பரவியிருக்கிறது. நைஜீரியாவின் எனுகு நகரில் 1983இல் பிறந்து, 1999இல் அமெரிக்காவுக்குச் சென்ற இன்ஜிடெக்கா அகுன்யிலி குரொஸ்பி வரையும் அறைகளில் சுவரும் நிலமும் மனிதர்களின் தோலும்கூட ஒளிப்படங்களால் நிரம்பியிருக்கும். குடும்பப் படங்களையும் நைஜீரியச் சஞ்சிகைப் படங்களையும் கரைப்பானின் உதவியால் தாளுக்கு மாற்றி, அவற்றுக்கு இடையே வர்ணம் தீட்டுகிறார். பாட்டியின் மேசையும் மண்ணெண்ணெய் விளக்கும் அவருடைய படங்களில் இடம்பெறும். அமைதியான அறைதான், ஆனால் சுவரெல்லாம் ஆட்கள். ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளும்போது எங்களுக்கும் ஆட்களும் சத்தமும் சேர்ந்துதானே வருகின்றன?

நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அவர் சொல்லும் வகை உண்மையிலேயே உண்டு. பொன்னிற வெயில், குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு, பழைய வானொலிப் பெட்டி, திண்ணையில் பூனை என்று எல்லாவற்றையும் பழம்பொருட் கடையின் முகப்பைப்போல அடுக்கி வைக்கும் படங்கள் கொழும்பில் நிறையவே விலைப்படுகின்றன. அவற்றில் எந்தப் பொருளையும் எவரும் பயன்படுத்திய அடையாளமே இருக்காது. நீங்கள் விவரித்த படத்தில் அந்த அடுக்கல் இல்லை. கண்ணாடியில்கூட எதையும் காட்ட மறுத்திருக்கிறார். ஏக்கத்தை விற்க நினைப்பவர் கண்ணாடியை அப்படி வெறுமையாக விடமாட்டார்.

செவ்வந்தி (கல்கிசை) எழுதியது:

பிள்ளை, நீங்கள் எழுதியதையும் இரண்டு தம்பிமார் எழுதியதையும் வாசித்தேன். நிலம் நன்றாக மினுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தூரிகைத் தம்பி அந்த மினுக்கத்தை ஒளியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். முற்றத்துத் தம்பி அதைத் தொடவேயில்லை. எனக்கோ அந்தப் படத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அந்த நிலத்தை மினுக்கியது யார்?

சிவப்பு நிலம் தானாக மினுங்குவதில்லை. மேற்பூச்சுச் சீமெந்தில் இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பைக் கலந்து, ஈரம் காய்வதற்கு முன் கரண்டியால் இழுத்து இழுத்து மழுப்பிப் போடுவார்கள். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது வீட்டில் உள்ளவர்களின் வேலை. கூட்டி, துடைத்து, காய்ந்த பின் சிவப்பு மெழுகு பூசி, பாதியாக வெட்டிய தேங்காய்ப் பொச்சால் முழங்காலில் இருந்து தேய்க்க வேண்டும். சில நாட்கள் விட்டால் நடமாட்டம் உள்ள இடம் வெளிறும். மழைக்காலத்தில் வெள்ளை பூக்கும். ஆகவே உங்கள் ஓவியர் வரைந்திருப்பது கைவிடப்பட்ட வீட்டை அல்ல. அன்று காலையிலோ முதல் நாளோ ஒருவர் அந்த நிலத்தில் முழங்காலிட்டு வேலை செய்திருக்கிறார். சமையலும் முடித்துவிட்டு அவர் இப்போது குசினிப் பக்கமோ கிணற்றடியிலோ இருப்பார். படத்தின் சட்டகத்துக்குள் அவர் வரவில்லை. அவருடைய உழைப்பு மட்டும் வந்திருக்கிறது.

முற்றத்துத் தம்பி சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. ஆனாலும் வெற்று அறை என்றதும் போரையும் இடப்பெயர்வையும் மட்டும் நினைத்தால், எல்லாம் அமைதியாக இருந்த காலத்திலும் அந்த அறையில் காணப்படாதவர்களாகவே இருந்தவர்களை நாம் இன்னொரு முறை காணாமல் விட்டுவிடுவோம். சாய்மனைக் கதிரையில் யார் இருப்பார்கள் என்பதை எங்கள் வயதினரைக் கேளுங்கள். அப்பா இருப்பார், அம்மப்பா இருப்பார், வந்த பெரிய மனிதர் இருப்பார். அந்தக் கதிரையைத் தினமும் துடைத்த என் அம்மா அதில் சாய்ந்து இருந்ததை நான் கண்டதில்லை. அவருடைய இடம் பாய்.

இங்கேதான் தூரிகைத் தம்பியின் பார்வை மட்டக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கண் தாழ்வாக இருப்பதால் அது பிள்ளையின் பார்வை என்று அவர் சொல்கிறார். பாயில் இருக்கும் பெண்ணின் கண்ணும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான், அதைவிடச் சற்றுத் தாழ்வாகவே இருக்கும். முழங்காலிட்டு நிலத்தைத் தேய்ப்பவரின் கண்ணும் அப்படியே. யன்னலின் அடிக்கட்டை அவருக்கும் உயரத்தில்தான் தெரியும். யாருமே இல்லாத படம் என்று நாம் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். வேலை செய்தவர் பார்த்த காட்சியை வரைந்தால் அவர் படத்துக்குள் எப்படி இருப்பார்?

ஐரோப்பியப் படங்களிலும் இதைப் பார்க்கலாம். ஹமர்ஷோயின் அறைகளில் ஈடா பல தடவை முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறார். பிரெஞ்சு ஓவியர் எடுவார் வுய்யார் தாயுடன், அவர் 1928இல் இறக்கும் வரை, ஒன்றாக வாழ்ந்தவர். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர். வுய்யார் வரைந்த சிறிய அறைகளில் துணியும் சுவர்த்தாளும் ஆளும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்து கிடந்தாலும், அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். வீட்டின் அமைதியை யாரோ ஒருவர் நாள்தோறும் செய்து வைக்கிறார் என்பதை அறிந்து வரைந்த படத்துக்கும், அதை அறியாமல் வரைந்த படத்துக்கும் வேறுபாடு உண்டு. உங்கள் ஓவியர் எந்த வகை என்பதைச் சுவரைவிட, கண்ணாடியைவிட, நிலத்தைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

மழைக்காலம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்காட்சி முடிந்துவிட்டாலும், ஓவியரின் அனுமதியோடு நான் கைபேசியில் எடுத்த படம் இருக்கிறது. அதைத் தாளில் அச்சிட்டு அளவுகோலால் கோடுகளை நீட்டிப் பார்த்தேன். கதவின் மேற்சட்டமும் அடிக்கட்டையும் அலுமாரியின் விளிம்பும் சாய்மனைக் கதிரையின் கைப்பிடிக்குச் சற்று மேலே சந்திக்கின்றன. அதாவது நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி. நிற்கும் பிள்ளைக்கும் அது தாழ்வு. செவ்வந்தி அம்மா சொன்னதைப்போல, நிலத்தில் இருப்பவரின் கண்ணாகவே அது இருக்க வேண்டும்.

எந்தப் பொருள் மிகவும் தெளிவாக வரையப்பட்டிருக்கிறது என்றும் தேடினேன். கதிரை அல்ல, யன்னலும் அல்ல. திறந்திருக்கும் கதவின் கீழ்த் தாழ்ப்பாளும், அது நிலத்தில் இறங்கும் சிறு துவாரமும்தான். துவாரத்தைச் சுற்றி மெழுகு படிந்து கறுத்திருப்பதைக்கூட வரைந்திருக்கிறார். குனிந்து துடைப்பவரைத் தவிர வேறு யார் அதை இவ்வளவு கவனித்திருப்பார்கள்?

ஓவியத்தை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீடு கடலைப் பார்த்த தொடர்மாடியில் இருக்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் அதிகம். இத்தகைய படத்தை எங்கே, எப்படித் தொங்கவிடுவது என்று தூரிகை ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

தூரிகை எழுதியது:

செவ்வந்தி அம்மாவின் விளக்கம் என்னுடையதைவிடப் படத்துக்கு நெருக்கமானது. தாழ்ப்பாள் அதை உறுதிப்படுத்துகிறது. நாளை வகுப்பில் பார்வை மட்டத்தைக் கற்பிக்கும்போது, பாயில் இருப்பவரையும் சேர்த்தே கற்பிப்பேன்.

தொங்கவிடுவதைப் பற்றி: கடலைப் பார்த்த வெளிச்சுவரைத் தவிருங்கள், தென்மேற்குப் பருவமழையில் அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், கன்வஸின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரே நல்லது. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். நேரடி வெயிலும் குளிரூட்டியின் காற்றும் படக்கூடாது. தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி வேண்டாம். எண்ணெய் வர்ணம் முழுவதும் இறுகுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும் என்பதால், இறுதி வார்னிஷ் பூசிவிட்டாரா, இல்லையென்றால் எப்போது பூசுவார் என்பதை ஓவியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பளபளக்கும் வார்னிஷைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நிலத்தின் மினுக்கத்தை ஓவியர் வர்ணத்தால் உண்டாக்கியிருக்கிறார், முழுப் படமும் மினுங்கினால் அது தொலைந்துபோகும்.

படத்துக்கென்று தனி மின்விளக்கும் வேண்டாம். மஞ்சள் விளக்கு சிவப்பைக் கூட்டிச் சாம்பலைக் கொன்றுவிடும். பக்கவாட்டு யன்னலிலிருந்து வரும் பகல் வெளிச்சமே இதற்கு ஏற்றது. கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேசனுக்கு ஒரு பகலில் போய்ப் பாருங்கள். 1943இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர் குழுவான 43 குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. அவரும் ஐவன் பீரிஸும் மற்றவர்களும் வரைந்த படங்கள் வீட்டு அறைகளிலேயே தொங்குகின்றன. ஐவன் பீரிஸ் இங்கிலாந்தின் சவுத்தெண்ட் நகரில் 1988இல் இறக்கும் வரை வாழ்ந்துகொண்டே இந்த நாட்டுக் கடற்கரையை நினைவிலிருந்து வரைந்தவர். அவருடைய அடங்கிய நிறங்கள் வீட்டு வெளிச்சத்தில் எப்படி இருக்கின்றன என்பதைக் கண்டால், உங்கள் சுவரைத் தேர்வு செய்வது எளிதாகும்.

உயரத்தைப் பொறுத்தவரை, கண்காட்சிக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி நிற்பவரின் கண்மட்டத்துக்கு வரும்படி தொங்கவிடுவது வழக்கம். இந்தப் படத்துக்கு அதைப் பின்பற்ற வேண்டாம். கோடுகள் சந்திக்கும் புள்ளி, நிலத்தில் பாய் போட்டு இருக்கும் உங்கள் கண்ணுக்கு நேராக வரும்வரை இறக்குங்கள். கீழ்ச்சட்டம் நிலத்துக்கு ஓரிரு அடி மேலேதான் இருக்கும். ஆகவே கதிரைகள் இடிக்காத, பிள்ளைகள் ஓடாத பக்கமாகப் பார்த்து ஆணி அடியுங்கள்.